நின்ற மிஷினுக்கு எழுதிய ரீடிங்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீ அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்பிக்கொள்கிறேன். இங்கே நானும் அப்பாவும் நலம். அவருடைய முட்டிவலி மட்டும் விட்டபாடில்லை, மாத்திரையைக் கண்டால் சின்னப் பிள்ளை மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். நீ சமைக்கக் கற்றுக்கொண்டதை அவர் இன்னும் நம்பவில்லை. உன் தம்பியும் நலம் என்று எழுதத்தான் ஆசை, கை வரவில்லை. இதை அப்பா படம் எடுத்து உன் போனுக்கு அனுப்புவார், தபாலில் போட்டால் நீ படிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

நேற்று போனில் "கையெழுத்தப் போட்டுட்டுப் போம்மா, ஊர்ல நடக்காததா" என்று சொன்னாய். எனக்குக் கோபம் வந்துவிட்டது, அதனால்தான் வைத்துவிட்டேன். நீ பாதிதான் கேட்டிருக்கிறாய், மீதியையும் கேள். எங்கள் குளிர்பதனக் கிடங்கில் கம்ப்ரசர் ஓடும்போது மணிக்கு ஒரு தடவை மீட்டர் முன்னால் போய் நின்று அழுத்தத்தையும் தண்ணீர்ச் சூட்டையும் பார்த்து, சுவரில் தொங்கும் தாளில் எழுத வேண்டும், அதுதான் அங்கே உன் தம்பிக்கு வேலை. மறுநாள் காலையில் மிஷின் ரூம் பொறுப்பாளி என்று நான் அதில் கையெழுத்துப் போடுவேன். உன் தம்பி என்ன செய்திருக்கிறான் தெரியுமா, ஷிப்டுக்குள் நுழைந்ததும் அன்றைக்கு முழுவதுக்குமான ரீடிங்கை ஒரே மூச்சில் எழுதி வைத்துவிட்டு வெளியே போய் அரட்டை அடித்திருக்கிறான். நேற்று இருந்ததுதான் இன்றைக்கும் இருக்கும், மீட்டர் எங்கே ஓடிப்போகும் என்று கூட்டாளிகள் சொல்லிக்கொடுத்த புத்தி. அன்றைக்கு மிஷினைக் குளிர வைக்கும் தண்ணீர் பம்பின் வடிகட்டியில் பாசி அடைத்துக்கொண்டு, அழுத்தம் காலையிலிருந்தே ஏறியிருக்கிறது. நான் அப்பாவை டாக்டரிடம் கூட்டிப் போயிருந்தேன். பார்க்க வேண்டியவன் பார்க்கவில்லை. நம் பின்தெரு ஃபிட்டர் மாமா, உனக்கு சைக்கிள் செயின் மாட்டிக் கொடுப்பாரே அவர்தான், பக்கத்தில் குனிந்து வேறு வேலை செய்துகொண்டிருந்தபோது குழாய் இணைப்பில் வாஷர் பிய்த்துக்கொண்டு அமோனியா வாயு அப்படியே அவர் முகத்தில் அடித்துவிட்டது. மதியத்துக்கு முன்னாலேயே மிஷின் நின்றுவிட்டது. ஆனால் தாளில் மதியத்துக்கு அப்புறமும் அழுத்தம் ஒழுங்காக இருப்பதாக உன் தம்பி எழுதியிருக்கிறான். நின்ற மிஷினுக்கு ரீடிங் எழுதிய மகனைப் பெற்றவள் நான்.

மேனேஜர் உடனே புதுத் தாள் ஒன்றை அவனிடம் கொடுத்து, மிஷின் நின்ற நேரம் வரைக்கும் மட்டும் நல்ல ரீடிங்காக எழுத வைத்திருக்கிறார். அதில்தான் நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். போட்டால் உன் தம்பி தப்பிப்பான். அழுத்தம் சரியாகத்தான் இருந்தது, ஃபிட்டர்தான் தப்பான போல்ட்டைக் கழற்றிவிட்டார் என்று பழி முழுக்க அந்த மனுஷன் தலையில் விழும், அவருக்கு வரவேண்டிய நஷ்டஈடும் வராது. அவர் வாயைத் திறந்து இல்லை என்று சொல்லவும் முடியாது, தொண்டையில் குழாய் போட்டிருக்கிறார்கள். நாளைக் காலையில் விசாரணைக்கு அதிகாரி வருகிறார். பழைய தாளை மேனேஜர் கேட்டார், நான் கொடுக்கவில்லை, என் பையில்தான் இருக்கிறது. எனக்கும் வேலை போகலாம் என்று சாடை காட்டினார். போகட்டும் என்று சொல்லிவிட்டு, பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

உன் தம்பி இரண்டு நாளாக என் முகத்தைப் பார்க்கவில்லை. இன்று காலையில் தானாகவே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறான். வார்டுக்கு வெளியே பெஞ்சில் ஃபிட்டர் மாமாவின் மனைவி இருந்திருக்கிறாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. "கம்பெனியிலேர்ந்து வந்து எட்டிப் பார்த்தது நீ ஒருத்தன்தாம்பா, நல்லா இருப்ப" என்று அவன் தலையைத் தடவி, தன் ஃபிளாஸ்கிலிருந்த டீயை ஊற்றிக் கொடுத்திருக்கிறாள். குடித்துவிட்டு வந்துவிட்டான். வந்தவன் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதது எனக்கும் அப்பாவுக்கும் கேட்டது. அப்புறம் வெளியே வந்து, "அந்தத் தாளக் குடும்மா, அதிகாரிகிட்ட நானே குடுத்துடறேன்" என்றான். கேஸ் ஆகலாம், வேலை நிச்சயம் போகும், எல்லாம் தெரிந்துதான் கேட்டான். எனக்குப் பெருமையாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது.

கண்ணு, நீ செய்கிற காரியம் எல்லாம் கைகூடி, ஒரு குறையும் இல்லாமல் நல்லபடியாக இரு. தூர தேசத்தில் தனியாக இருக்கிறோம் என்று மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. ஒன்றே ஒன்று கேட்கிறேன். இன்று சாயங்காலம் அவன் உன்னைக் கூப்பிடுவான். சின்ன வயதிலிருந்தே என் பேச்சை விட உன் பேச்சுத்தான் அவனுக்கு வேதம். நீ வேண்டாம்டா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாளைக்குப் போகமாட்டான். சொல்லிவிடாதே.

உன் அம்மா