ஃபேன் நைனாவுக்கு வைத்திருந்த ஊசி

செவ்வாய்க்கிழமை, இரவு

நர்சிங் பட்டம் வருமோ வராதோ, பட்டப்பெயர் வைப்பதில் வார்டிலேயே நான்தான் முதல். காசிமேட்டு சர்க்கரை நோயாளி, ஓடுகிற ஒரே ஃபேனுக்குக் கீழே படுத்திருந்ததால் ‘ஃபேன் நைனா’ ஆனார். இன்று மதியம் பக்கத்துக் கட்டில்காரர் புழுக்கம் தாங்காமல் அவரிடம் கேட்டு இடம் மாறியிருக்கிறார். அது தெரியாமல் என் வகுப்பு ஸ்டெல்லாவிடம், "ஃபேன் நைனாவுக்கு இன்சுலின் போட்டுடுடி" என்றேன். அவளும் ஃபேனுக்குக் கீழே இருந்தவருக்குப் போட்டுவிட்டாள். மனுஷன் வியர்த்து நடுங்கினார். குளுக்கோஸ் ஏற்றிய பிறகுதான் தெளிந்தார்.

"கேஸ் ஷீட்ட பாத்தியாடி? பேரையாவது கேட்டியா?" என்று சிஸ்டர் கத்தினார். ஸ்டெல்லா அழுதாளே தவிர என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. நாளை அப்பாவோடு வந்தால்தான் அவளை உள்ளே விடுவார்களாம்.

சாயந்திரம் அந்த மனுஷனுக்கு பிஸ்கட் கொடுத்தேன். "அந்தப் பொண்ண திட்டாதீங்கம்மா. காத்துக்கு ஆசப்பட்டு நான்தான் மாறிப் படுத்துகினேன், என் தப்பு" என்றார்.

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.