பெரியவர் கூண்டு

பிப்ரவரி 6

அன்பு மகளுக்கு,

நலமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. எழுத வேண்டியவற்றை முதலில் வரிசைப்படுத்திக்கொள்கிறேன். இல்லாவிட்டால் பாதியில் பேனாவை மூடிவைத்துவிடுவேன்.

1. என் உடல்நிலை.
2. ஆராய்ச்சி நிலையத்துச் செய்தி.
3. மாப்பிள்ளை தவறிய பின் நான் ஏன் வரவில்லை என்பது.
4. இப்போது வரலாமா என்பது.

முதலாவது: மழை வருவதை என் முழங்கால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. மற்றபடி குறையில்லை.

இரண்டாவது: பணிக்காலம் முழுவதும் நான் புல் அளந்த மேய்ச்சல் வயலை உழப் போகிறார்களாம், தீவன மக்காச்சோளம் போட. "மாடு மேய்க்கிறதுக்கு டாக்டர் பட்டம் வாங்கின ஒரே மனுஷன்" என்று உன் அம்மா கேலி செய்வாளே, அதே வயல்தான். இப்போது என் இடத்தில் இருக்கும் அதிகாரி, ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மூன்றாவது: புல்லை அடிவரை ஒட்டக் கடித்த நிலத்தில் மாட்டை உடனே திரும்ப விடக் கூடாது. வேலிப் படலைச் சாத்திவிட்டு விலகி நிற்க வேண்டும். புல் தன் வேரிலிருந்து தானே எழும். உன் துக்கத்தையும் அப்படித்தான் நினைத்தேன். அடக்கம் முடிந்த அன்று எல்லாரும் உன்னைச் சுற்றி நின்று பேசிக்கொண்டே இருந்தார்கள். நானும் ஏன் மிதிக்க வேண்டும் என்று அன்று மாலையே கிளம்பிவிட்டேன். அதன் பிறகும் வராதது அதனால்தான். ஆண்டு திரும்பப் போகிறது; இன்றும் அது சரியென்றே படுகிறது.

நான்காவது: வரலாமா? உனக்கு இடைஞ்சல் இல்லாத நாளாகச் சொல்.

அப்பா


பிப்ரவரி 15

அப்பா,

கடிதத்துக்குப் பொருளடக்கம் போடுற ஆள் உலகத்திலேயே நீங்க ஒருத்தர்தான். சிரிச்சேன். ரொம்ப நாள் கழிச்சுச் சிரிக்கிறோம்னு தோணினதும் அழுகை வந்துடுச்சு.

அன்னிக்குச் சாயங்காலம் நீங்க செருப்பு மாட்டுறதைச் சமையலறை ஜன்னல்லேர்ந்து பார்த்தேன். "ஓய்வெடுத்துக்கோம்மா"ன்னு கதவுகிட்ட சொன்னீங்க. கதவுகிட்டதான், என்கிட்ட இல்ல. "உங்கப்பா எங்கடி?"ன்னு சித்தி கேட்டாங்க. "வெளியே நிக்கிறார்"னு பொய் சொன்னேன்.

முதல்ல எல்லாம் பெல் அடிக்கும்போது நீங்கதான்னு நினைப்பேன். பால்காரரா இருக்கும், மீட்டர் பார்க்க வந்தவரா இருக்கும், பக்கத்து வீட்டம்மாவா இருக்கும். அந்தம்மா உட்கார்ந்து தொணதொணன்னு பேசுவாங்க. நான் பதிலே சொல்ல மாட்டேன். ஆனா அவங்க எதிர்ல இருக்காங்களேன்னு ரெண்டு வாய் சாப்பிடுவேன். இப்ப பெல் அடிச்சா யாரையும் நினைக்கிறதில்ல. கோபம்கூட இல்லப்பா.

கல்யாணத்துக்குத்தான் அழைப்பு வேணும். துக்கத்துக்கு யாராவது வரலாமான்னு கேட்பாங்களா? வாங்கன்னும் நான் சொல்ல மாட்டேன், வராதீங்கன்னும் சொல்ல மாட்டேன். அந்த வயலையாவது நேர்ல போய்ப் பாருங்க.

முழங்காலுக்கு ஒத்தடம் கொடுங்க.

உங்கள் மகள்


பிப்ரவரி 27

அன்பு மகளுக்கு,

இந்த முறை வரிசை எண் இல்லை.

வயலுக்குப் போனேன். மாடு கடிக்காவிட்டால் புல் எவ்வளவு வளரும் என்று அறிய, அங்கங்கே கம்பிக்கூண்டைக் கவிழ்த்து வைப்போம், நினைவிருக்கிறதா? நீகூடச் சின்ன வயதில் ஒருமுறை உள்ளே புகுந்துகொண்டு வெளியே வர மறுத்தாய். அளந்து முடித்ததும் கூண்டை வேறு இடத்துக்கு மாற்றியாக வேண்டும். அந்த விதியை எழுதியவனே நான்தான். கடைசி வேலைநாளில் நான் கவிழ்த்த கூண்டு, இத்தனை ஆண்டுக்குப் பிறகும் அதே இடத்தில் இருந்தது.

"ஏன் எடுக்கல?" என்றேன்.

"சார் வச்சதாச்சே, யாருக்குக் கை வரும்?" என்றார் அதிகாரி. "மாடு பார்க்கிறவர்கூட 'பெரியவர் கூண்டு, தொடாதீங்க'ன்னு எல்லாரையும் விரட்டுவார்." பெருமையாகத்தான் சொன்னார்.

குனிந்து பார்த்தேன். உள்ளே பழைய புல் தாள்கள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து வைக்கோலாகக் கிடந்தன. அடிவரை வெளிச்சமே போகவில்லை. விரலால் விலக்கித் துளிர் தேடினேன். ஒரு கொத்தைப் பிடித்து லேசாக இழுத்ததும் வேரோடு கையில் வந்துவிட்டது. கூண்டுக்கு வெளியே, பசுக்கள் மிதித்தும் கடித்தும் போட்ட இடமெல்லாம் பச்சை.

"ஒரு கொத்துதானே சார், போனா போகுது" என்றார் அவர், என் முகத்தைப் பார்த்து.

கோபம்கூட இல்லை என்று நீ எழுதிய வரி, அந்தக் கொத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதுதான் எனக்கு விளங்கியது. படலைச் சாத்துவது கொஞ்ச காலத்துக்கு மட்டும்தான். பிறகு யாராவது திறந்துகொண்டு உள்ளே வர வேண்டும். இதை எத்தனையோ பேருக்குப் பாடமாகச் சொல்லியிருக்கிறேன்.

வியாழக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். இதைக் கேள்வியாக எழுதவில்லை. பெல் அடிப்பேன். நீ திறக்காவிட்டால் பக்கத்து வீட்டுப் படியில் உட்கார்ந்திருப்பேன். தொணதொணப்பது எப்படி என்று அந்தம்மாவிடம் கற்றுக்கொள்ள வேண்டும்.

போன கடிதத்தில் முதல் இரண்டும் சரி. நான்காவதைக் கேட்டிருக்கவே கூடாது. மூன்றாவது தவறு.

அப்பா