கரண்டிவாயனை எழுப்பிவிட்டது நான்தான்

ரவாங், மலேசியா

அன்புள்ள நித்தியாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே இருவரும் நலம். இந்த முறை வழக்கத்துக்காக எழுதும் வார்த்தை அல்ல. டப்ளின் குளிரில் நீயும் நலமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் பதறுவாய், அதனால்தான் கடிதம்.

நீ சொன்ன பறவையைப் பார்க்க ஞாயிறு காலை கோலாசிலாங்கூர் பூங்காவுக்குப் போனோம். கறுப்பு முகக் கரண்டிவாயன், வழி தவறி வந்தது, இந்தப் பக்கம் வருவதே அபூர்வம் என்று வழியெல்லாம் அப்பா எனக்குப் பாடம் எடுத்தார். இன்சுலின் போட்டுக்கொண்டவர் பசியாற உட்காரவில்லை. பறவை போய்விடுமாம். தோசையும் மிட்டாயும் என் பையில். நான் கழிவறைக்குப் போய்த் திரும்புவதற்குள் ஆளைக் காணோம். அவர் கைப்பேசி காரில். பாதை இரண்டாகப் பிரிந்தது. ஒன்றில் போனேன், அலையாத்திக் காடு, யாருமில்லை. திரும்பி மற்றதில் ஓடினேன். குளக்கரையில் பெரிய கேமராக்களோடு ஒரு கூட்டம். மூச்சுச் சத்தம்கூட இல்லை. தண்ணீர் நடுவே அந்தப் பறவை. அப்பா இல்லை. போன தீபாவளிக்குச் சர்க்கரை இறங்கி அவர் அடுக்களையில் சரிந்தது கண்முன் வந்தது. என்னங்க என்றேன். ஒரு சீனப் பெண் உதட்டில் விரல் வைத்தாள்.

அப்புறம் கத்தினேன். சோமு. கல்யாணமானதிலிருந்து ஒரு தடவைகூடச் சொல்லாத பெயர். சோமு, சோமு.

பறவை எழும்பிப் போய்விட்டது. எல்லாத் தலையும் என் பக்கம். பறவை பார்க்கும் குடிலுக்குள்ளிருந்து குரல் வந்தது: "ஏன் புனிதம், இங்கதான் இருக்கேன் லா! பறவைய வெரட்டிட்டியே!" அவர் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. கையில் இனிப்பான மைலோ பானப் பாக்கெட். கை நடுங்குவதைப் பார்த்து ஒரு மலாய்க்கார அம்மா உட்கார வைத்துக் கொடுத்தாராம். நின்ற இடத்திலேயே அழுதேன். யாரும் திட்டவில்லை. விரல் வைத்த பெண்ணே வந்து கேமராவைக் காட்டினாள். அதுவரை எல்லோரிடமும் அது அலகைச் சிறகுக்குள் செருகித் தூங்கும் படம்தானாம். ஆன்ட்டி கத்தியதால்தான் சிறகு விரித்த படம் கிடைத்தது என்று சிரித்தாள். அவள் அனுப்பிய படத்தைக் கழுவி இத்துடன் வைத்திருக்கிறேன்.

உன்னிடம் சொல்லாதே என்றார் அப்பா. சொல்லிவிட்டேன். மிட்டாய் இப்போது அவர் சட்டைப்பையில். நேற்று அடுக்களையிலிருந்து என்னங்க என்று கூப்பிட்டேன். பேப்பரிலிருந்து தலை நிமிரவில்லை. காது நன்றாகத்தான் கேட்கிறது. காத்திருக்கிறார்.

வேலை வேலை என்று பட்டினி கிடக்காதே, நீயும் அவர் மகள்தான். முருகன் உன் பக்கத்திலேயே இருக்கட்டும்.

உன் அம்மா புனிதவதி.
சோமுவும்.