பஸ் ஏறாத பெண்கள்

சுங்கை பினாங், ஜார்ஜ்டவுன்
9 பிப்ரவரி 2025

என் செல்ல மகள் ஷர்மினிக்கு,

நாளை மறுநாள் தைப்பூசம், தண்ணீர்மலை முருகனுக்குப் பால்குடம் எடுக்கிறேன். உன் பெயரைச் சொல்லித்தான் எடுக்கிறேன் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். அங்கே குளிர் எப்படி இருக்கிறது? காதை மூடிக்கொண்டு போ.

தினமும் போனில் பார்க்கிறோம், எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நம் வீடு எவ்வளவு பெரியது என்று உனக்குத் தெரியும். நான் அடுப்படியில் பேசினாலும் ஹாலில் இருக்கும் அப்பாவுக்குக் கேட்கும். அப்பாவின் காதில் விழுந்தால் மறுநாள் காலையில் மாமாவின் பட்டறைக்கும் போய்விடும். அப்பாவைக் குறை சொல்லவில்லை. பதினாறு வருடமாக மாமாவின் பஸ்களைப் பழுது பார்க்கிறவர், வேறு என்ன செய்வார்?

என்னோடு வேலை செய்த வடிவம்மாள் பஸ்ஸிலிருந்து விழுந்து இறந்துவிட்டாள் என்று பொங்கலன்று சொன்னேன். அதற்கு மேல் நீ கேட்டதற்கெல்லாம் பேச்சை மாற்றிவிட்டேன். இப்போது சொல்கிறேன். அது மாமாவின் பஸ். எங்கள் கம்பெனிப் பெண்கள் நாற்பத்து நான்கு பேரைத் தீவிலிருந்து அக்கரையில் இருக்கும் ஜுரு தொழிற்சாலைக்கு ஏற்றிப்போகும் அதே பஸ். பாலத்தைத் தாண்டி பிறை டவுனுக்கு இறங்கும் வளைவில் முன்கதவு திறந்துகொண்டது. கதவோர சீட்டில் உட்கார்ந்திருந்தவள் வெளியே போய் விழுந்தாள். பின்னால் லாரி வந்துகொண்டிருந்தது. அன்று காலையில்தான் வாசலில் கோலம் போட்டதை எனக்குப் போனில் காட்டினாள்.

கதவு சரியாகச் சாத்தாமல் பத்து நாளாக இருந்தது. சாமான் கட்டுகிற ராஃபியா கயிற்றால் கட்டித்தான் ஓட்டினார்கள். ஆனால் மாமா போலீஸில் சொன்னது, அவளுக்கு மயக்கம் வந்து அவளே கதவைத் திறந்துவிட்டாள் என்று. கம்பெனியில் ஒரு நிமிடம் மௌனமாக நின்றோம். மூன்றாம் நாள் அவள் இடத்தில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். மறு வாரம் அதே பஸ் வந்தது. கயிற்றுக்குப் பதில் சங்கிலி.

நீ தங்கியிருக்கும் வீட்டு ஒடெஸா அம்மாவைப் பற்றி ஒரு நாள் சொன்னாயே, எழுபது வருடத்துக்கு முன்னால் நீ இருக்கும் அந்த ஊர் பஸ்ஸில் கறுப்பர்களை எழுப்பி வெள்ளைக்காரர்களை உட்கார வைத்ததால், ஊரே பஸ் ஏறாமல் முந்நூற்று எண்பத்தொரு நாள் நடந்தது என்று. அவருடைய அம்மா துணி வெளுக்கும் வேலைக்கு நடந்தே போய் வந்தார் என்றாய். அதைக் கேன்டீனில் எங்கள் பெண்களிடம் சொன்னேன். யாரும் சாப்பிடவில்லை. ஷாஹிராதான் முதலில் வாய் திறந்தாள். “அவங்க எல்லாம் பெரிய படிப்பு படிச்சவங்களா அக்கா?” என்று கேட்டாள். சமையல்காரிகளும் வண்ணாத்திகளும்தான் முக்கால்வாசிப் பேர் என்றேன். “அப்பன்னா நம்மளாலயும் முடியும்லா,” என்றாள்.

மார்ச் மூன்றாம் தேதி திங்கள்கிழமையிலிருந்து நாங்கள் ஏறப்போவதில்லை. நல்ல பஸ் வேண்டும், வடிவம்மாள் மேல் போட்ட பொய்யை எடுக்க வேண்டும். அவ்வளவுதான் கேட்கிறோம். கார்களை எப்படி ஏற்பாடு செய்தார்கள், யார் எங்கே நின்றார்கள் என்று ஒடெஸா அம்மாவிடம் கேட்டு ஷாஹிராவின் போனுக்கு எழுது. என் போனுக்கு வேண்டாம்.

இன்னொன்றும் அவரிடம் சொல்ல வேண்டும். நீ ஒரு கறுப்பு அம்மா வீட்டில் அறை எடுத்தேன் என்றபோது நான் அழுது, வேறு வீடு பார் என்று சண்டை போட்டேன். இங்கே நம்மை நிறத்தை வைத்து என்னவெல்லாம் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று தெரிந்தும் அப்படிப் பேசினேன். மன்னிப்புக் கேட்டேன் என்று சொல்.

மாமா போன் செய்தால் எதுவும் தெரியாதது போல் பேசு.

முருகன் துணை.
அம்மா


23 மார்ச் 2025

அன்பு ஷர்மினி,

ஒடெஸா அம்மா சொன்னதையெல்லாம் ஷாஹிரா தன் போனில் வாசித்துக் காட்டினாள். கோயில்களின் வாசல்தான் கார் நிற்கும் இடம் என்று எழுதியிருந்தாய் அல்லவா? பட்டர்வொர்த்தில் ஒரு மாதா கோயில் ஃபாதரைப் போய்ப் பார்த்தோம். கார் நிறுத்த இடம் கொடுத்தார். நாங்கள் காலையில் படகு ஜெட்டிக்கு நடக்கிறோம், முக்கால் மணி நேரம். முதல் பெரிப் படகில் அக்கரைக்குப் போகிறோம். அங்கே ஒன்பது கார்கள் காத்திருக்கும். எல்லாம் எங்களோடு வேலை செய்கிறவர்களின் கார்கள், அவர்கள் புருஷன்மார்களின் கார்கள். ஷாஹிரா நோன்பு வைத்துக்கொண்டு இரண்டு நடை ஓட்டுகிறாள். ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் வேலையும் செய்கிறாள்.

முதல் நாள் பஸ் எங்கள் பிளாட்டுக்குக் கீழே வந்து ஹாரன் அடித்தது. நாங்கள் நாற்பத்து மூன்று பேரும் எதிர்ப்பக்கம் நடந்துகொண்டிருந்தோம். பஸ் காலியாகத் திரும்பியதை நின்று பார்த்தேன். சந்தோஷமா பயமா என்று எனக்கே தெரியவில்லை. பெரியில் யாரோ காவடிப் பாட்டு எடுத்தார்கள். ஒடெஸா அம்மா ஊரிலும் அப்போது கூட்டத்தில் பாடினார்களாமே. மலாய்ப் பெண்களும் கை தட்டினார்கள்.

இதெல்லாம் நல்ல செய்தி. மற்றதையும் எழுதுகிறேன்.

இரண்டாம் வாரம் அக்கரை ஜெட்டியில் இரண்டு மோட்டார் சைக்கிள்காரர்கள் நின்றார்கள். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. ஒவ்வொரு கார் நம்பரையும் படம் பிடித்தார்கள். மறுநாள் சாலையில் ஷாஹிராவின் காரை அதிகாரிகள் நிறுத்தினார்கள். அனுமதி இல்லாமல் ஆள் ஏற்றுகிறாய், இது கெரெத்தா சாப்பு, கள்ள டாக்சி என்று சம்மன் எழுதினார்கள். நம்பரை யார் கொடுத்தார்கள் என்று அவர்கள் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. அந்த ஊரிலும் கார் ஓட்டியவர்களை இப்படித்தான் பிடித்தார்கள் என்று நீ எழுதியதை அன்று மாலை எல்லோருக்கும் வாசித்தேன். தைரியம் சொல்லத்தான் வாசித்தேன். பிறகு வீட்டுக்கு வந்து நானே மீதியைத் தேடிப் படித்தேன். தலைவர்களின் வீடுகளில் குண்டு வைத்திருக்கிறார்கள், ஷர்மினி. நீ அதை மட்டும் எனக்கு எழுதவில்லை.

போன வாரம் மூன்று கார்களின் டயர் கிழிக்கப்பட்டிருந்தது. இரண்டு பேர் இனி வரமாட்டோம் என்றார்கள். அவர்கள் மேல் கோபமில்லை, பிள்ளை குட்டிக்காரர்கள்.

வியாழக்கிழமை வேலை முடிந்து வந்து பார்க்கிறேன், நம் வீட்டு கிரில் கதவில் ஒரு முழம் ராஃபியா கயிறு கட்டியிருந்தது. சிவப்புக் கயிறு. இரட்டை முடிச்சு. அப்பா அதைப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் விளையாடியிருப்பார்கள் என்றார். அவர் முகத்தைப் பார்த்தால் அவரே நம்பாதது தெரிந்தது.

இதற்கு என்ன அர்த்தம் என்று, பஸ் டிரைவரை விட்டால், உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். உன் மாமாவுக்கும் எனக்கும். இப்போது உனக்கும் தெரியட்டும்.

அன்று காலையில் மற்றவர்கள் வந்து பின்கதவால் ஏறுவதற்கு முன்னால் அந்தக் கதவைக் கட்டியது நான்தான். டிரைவர் கை வலிக்கிறது என்றான். மாமா போனில், “பொங்கல் முடியட்டும் சந்திரி, புதுக் கதவு போட்டுடறேன். இன்னிக்கு மட்டும் நீ நல்லா இழுத்துக் கட்டிவிடு,” என்றார். இழுத்துத்தான் கட்டினேன். கட்டிவிட்டு, “உட்காருடி, ஒன்னும் ஆகாது,” என்று கூட வந்த வடிவம்மாளை அந்த சீட்டில் நானே உட்கார வைத்தேன்.

மூன்று வாரமாக என்னோடு நடக்கும் பெண்களுக்கு இது தெரியாது. என்னை அவர்கள் தலைவி என்கிறார்கள். அப்படிக் கூப்பிட்டால் நான் நடையை வேகமாக்கிவிடுகிறேன்.

இதைப் படித்துவிட்டு உடனே போன் செய்யாதே. உன் குரலைக் கேட்டால் நான் உடைந்துவிடுவேன். வேளைக்குச் சாப்பிடு.

அம்மா


19 ஏப்ரல் 2025

என் கண்மணி ஷர்மினி,

நீ எழுதியது கிடைத்தது. நான் கொலைகாரி இல்லை என்று நான்கு இடத்தில் எழுதியிருக்கிறாய். அந்தத் தாளை மணிபர்ஸில் வைத்திருக்கிறேன்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

நோன்புப் பெருநாளுக்கு முந்தின நாள் மாமா நம் வீட்டுக்கு வந்தார். தனியாகத்தான் வந்தார். ஆனால் கீழே வெள்ளை ஹைலக்ஸ் வண்டியில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பாலிக் புலாவ் தோட்டத்திலிருந்து ஜாதிக்காய் ஊறுகாய் கொண்டு வந்திருந்தார், உனக்குப் பிடிக்கும் என்று. தேநீர் கேட்டு வாங்கிக் குடித்தார். சத்தமே போடவில்லை. சின்ன வயதில் என்னை சைக்கிளில் பள்ளிக்கு ஏற்றிப்போன அண்ணன் மாதிரியே பேசினார்.

“யாரோ கறுப்பனுங்க எங்கேயோ நடந்தானுங்கன்னு நீ ஏன்மா நடக்குற? கால் வலிக்கலையா?” என்றார். பிறகு, “வடிவம்மாள் கேஸ் விசாரணைக்கு உன்னைக் கூப்பிட்டிருக்காங்களாம். அவளே கயித்த அவுத்துட்டான்னு ஒரு வார்த்தை சொல்லு, போதும். இல்லன்னா கட்டுனது யாருன்னு நான் சொல்ல வேண்டி வரும். உள்ள போறது நீதான்,” என்றார்.

அப்பா அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா எழுந்து நின்று, செருப்பை மாட்டிக்கொண்டே, மிகவும் பாசமாகக் கேட்டார். “மே மாசம் பாப்பா வருதாமே? எந்தத் தேதி? நானே ஏர்போர்ட்டுக்கு ஆள் அனுப்பி ஏத்திட்டு வரச் சொல்றேன்.” அப்பா திரும்பி அவரைப் பார்த்த பார்வையை இருபத்தாறு வருடத்தில் நான் பார்த்ததில்லை.

மறுநாள் நான் பக்கிரிசாமியைப் போய்ப் பார்த்தேன், வடிவம்மாளின் கணவரை. அதிகாரியிடம் சொல்வதற்கு முன்னால் அவரிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. கதவைக் கட்டியதும் நான், உட்கார வைத்ததும் நான் என்று நின்றுகொண்டே சொன்னேன். அவர் உள்ளே போய் ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். “நீங்க கட்டுனீங்க. ஓட்டச் சொன்னது அவரு. பொய் சொன்னதும் அவருதான். அவ மேல இருக்கிற பழிய மட்டும் எடுத்துடுங்க,” என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அதை நான் எதிர்பார்க்கவும் கூடாது.

பிறகு எங்கள் பெண்களிடம் சொன்னேன், மாதா கோயில் வாசலில். பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வடிவம்மாளோடு ஒன்றாகப் படித்தவள் ஒருத்தி என்னைப் பார்த்துக் காறித் துப்பினாள். ஷாஹிரா மட்டும் காரை ஸ்டார்ட் செய்துவிட்டு, “ஏறுங்க அக்கா, லேட் ஆகுது,” என்றாள். முன் சீட் கதவைத் திறந்துவிட்டாள். மறுநாள் காலையில் துப்பியவளும் எங்களோடு நடந்தாள். எனக்குப் பத்தடி தள்ளி நடந்தாள், ஆனால் நடந்தாள்.

விசாரணையில் எல்லாவற்றையும் சொன்னேன். நான் கட்டியது, மாமா போனில் சொன்னது, எல்லாம். வெளியே வந்தால் அப்பா நிற்கிறார். இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். உள்ளே போய், கதவு கெட்டுப்போனதை நான் முதலாளியிடம் மூன்று தடவை சொன்னேன், பொங்கலுக்குப் பிறகு பார்க்கலாம் என்றார், என்று எழுதிக் கொடுத்தார். அன்று மத்தியானமே பட்டறைச் சாவியை மாமா வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்துவிட்டார்.

போன திங்கள்கிழமை, சித்திரை ஒன்றாம் தேதி, வேறொரு முதலாளியின் பஸ் வந்தது. கதவு தானாகவே மூடிக்கொள்கிறது. நாற்பத்து இரண்டு நாள் நடந்திருக்கிறோம். உங்கள் ஊர்க்காரர்களோடு பார்த்தால் ஒன்றுமில்லை. அவள் தானாக விழவில்லை என்று விசாரணை அதிகாரி எழுதிவிட்டார். பக்கிரிசாமி அந்தத் தாளைச் சட்டம் போட்டு மாட்டப்போகிறாராம். ஒடெஸா அம்மாவிடம் இதைக் கட்டாயம் சொல். பஸ் ஏறிய அன்று பெண்கள் அழுதார்கள், சிரித்தார்கள், யாரோ கேசரி கிண்டிக்கொண்டு வந்தார்கள்.

நான் ஏறவில்லை. எனக்கு அந்தப் பஸ்ஸில் ஏற இன்னும் மனம் வரவில்லை.

மாமாவின் மேல் வழக்குப் போடுவார்களாம். என் மேலும் போடலாம் என்று வக்கீலம்மா சொல்கிறார். அது வரட்டும். செய்ததற்கு வருவது, வரத்தான் வேண்டும். மாமா இப்போது யாருக்கும் போன் எடுப்பதில்லை. பட்டறையைப் பூட்டிவிட்டார். ஆனால் அந்த ஹைலக்ஸ் தினமும் நம் பிளாட்டுக்குக் கீழே வந்து நிற்கிறது. என்ஜினை அணைக்காமல் நிற்கிறது. போலீஸில் சொன்னோம். நிற்பது குற்றமா என்று கேட்டார்கள். நேற்று மூன்றாம் மாடியில் மின்தூக்கி நின்றபோது அந்த ஹைலக்ஸ்காரர்களில் ஒருவன் உள்ளே வந்தான். பட்டனை அமுக்கவில்லை. நம் மாடி வந்ததும் எனக்கு வழி விட்டு, “மக எப்ப வருதுக்கா?” என்று கேட்டான்.

அதனால்தான் இதை எழுதுகிறேன், கண்ணு.

நீ மே மாதம் வராதே. டிக்கெட்டை மாற்று. காரணம் யாரிடமும் சொல்லாதே. மாமா பாசமாகப் பேசினாலும், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை உடனே வா என்று யார் கூப்பிட்டாலும் வராதே. எனக்கு என்ன ஆனாலும் அதைச் சொல்லப்போவது ஷாஹிரா ஒருத்திதான். அவள் குரலைத் தவிர வேறு எந்தக் குரலையும் நம்பாதே. அவளே கூப்பிட்டாலும் அவசரப்பட்டு விமானம் ஏறாதே. அப்பாவை முதலில் அங்கே அழைத்துக்கொள்ளப் பார்.

இரண்டு வருடமாக நாட்காட்டியில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டு வந்தவள்தான் இதை எழுதுகிறேன். உன் அறைக்குப் புது மெத்தை விரிப்பு வாங்கிவிட்டேன். அது அலமாரியில் இருக்கட்டும்.

ஒடெஸா அம்மா வெளியே போகும்போது நீயும் கூடப் போ. அவர் சொல்கிற இடத்தில் இரு. அவர் கையால் சாப்பிடு. நீ எங்கே இருந்தாலும் நல்லவர்கள் நடுவில் இரு, நூறு வயசு இரு.

உன் அம்மா
சந்திரிகா