தகப்பன்: இருக்கிறார்

மேலே போயும் பிழை விடுகிற என் அன்பு மச்சான் குகதாசனுக்கு,

உன் ஆண்டுத் திவசத்துக்கு நினைவு மலர் அடிக்கிறார்கள். முப்பத்தோராம் நாள் மலருக்கும் என்னைக் கேட்டார்கள். நான் எழுதவில்லை. எனக்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தார்கள், கனடாவில் இருக்கும் உன் பெறாமகனுடைய கவிதைக்கு மூன்று பக்கம். உன்னோடு பதினெட்டு வருடம் ஒரே மேசையில் இருந்து கம்பியூட்டர் கோட் அடித்தவனுக்கு அரைப் பக்கம்! கவிதையில் உன்னைச் சூரியன் என்று எழுதியிருந்தான். உனக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது என்பதுகூட அவனுக்குத் தெரியாது.

இந்த முறை உன் மனைவி ராணி நேரில் வந்து கேட்டாள். எத்தனை பக்கம் என்றேன். "நீங்கள் எழுதிறதை எழுதுங்கோ அண்ணை, இடம் விடுறன்" என்றாள். எழுதுகிறேன். உன்னைப் புகழ்வேன் என்று மட்டும் எவரும் எதிர்பார்க்க வேண்டாம்.

முதலில் செய்தி. உன் மகள் நிலாவுக்குக் கரவெட்டியில் கலியாணம் பேசினார்கள். பெடியனும் அவளும் இரண்டு தரம் சந்தித்துக் கதைத்து, வீட்டுக் கதைக்கு வர முன்னமே இரண்டு பேருக்கும் பிடித்துப்போயிற்று. அதை நீ குழப்பினாய். செத்துப் பத்து மாதம் கழித்து, ஒரே ஒரு வரிக் கோட்டால்.

மலரைப் படிப்பவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால் உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள். உடுவிலில் மங்களம் ரீச்சர் நடத்தும் திருமணச் சேவைக்கு நாங்கள் இருவரும்தான் சொஃப்ட்வெயர் எழுதிக் கொடுத்தோம். 'புதியவர்' என்ற பொத்தானை ரீச்சர் அழுத்தியதும் கம்பியூட்டரின் நினைவில் ஒரு ஆள் பிறக்கிறார். பேர் இல்லை, ஊர் இல்லை, வெறும் ஆள். ரீச்சர் கட்டங்களை நிரப்பிச் சேமித்த பிறகுதான் அவர் டேட்டாபேசில் ஒரு வரியாகிறார். ஆளை வரியாக்குவதும், வரியைத் திரும்ப ஆளாக்குவதும் நடுவில் நிற்கும் ஃபிரேம்வேர்க்கின் வேலை. ரீச்சர் ஒரு கட்டத்தைத் தொடாமல் விட்டால் அதற்குள் என்ன இருக்க வேண்டும்? அப்போது தானாக விழும் பதிலுக்குப் பெயர் டிபோல்ட். அந்தக் கேள்விக்காக நாங்கள் ஆறு வருடம் சண்டை பிடித்தோம்.

தெரியாதது வெறுமையாகவே இருக்கட்டும், டிபோல்ட் கட்டாயம் வேண்டுமென்றால் டேட்டாபேசில் வைப்போம் என்றேன் நான். நீ விடவில்லை. "டேட்டாபேசிலை வைச்சால் சேமிக்கிறவரைக்கும் அந்த ஆள் அம்மணமா நிப்பான் மச்சான். அதுவும் ஃபிரேம்வேர்க் வெறுமையை வெறுமை எண்டே எழுதி அனுப்பிப்போடும். உன்ரை டிபோல்ட் அங்கை கிடந்து கொட்டாவி விடும். பிறக்கேக்கையே கையிலை குடுத்து அனுப்பவேணும்."

அந்த ஃபிரேம்வேர்க்கைப் பொறுத்தமட்டில் நீ சொன்னது சரி. அப்போது நான் ஒத்துக்கொள்ளவில்லை. இப்போதும் முழு மனதோடு இல்லை.

ஆனால் நீ கையில் கொடுத்து அனுப்பியவை என்ன? உன் ஆள் பிறக்கும்போதே சைவ சமயி. உயரம் ஐந்தடி நாலங்குலம், மச்சம் மாமிசம் சாப்பிடுவார். பாஸ்டர் ஒருவரின் மகள் சைவக்காரி என்று பதிவாகி, பாஸ்டர் ரீச்சரின் கந்தோரில் வந்து நின்றாரே, நினைவிருக்கிறதா? "என்ரை பிள்ளையை மதம் மாத்தினது ஆர்?" என்று கேட்டார். நீ மேசைக்குக் கீழே எதையோ தேடிக்கொண்டிருந்தாய். பதில் சொன்னவன் நான்.

அதைக்கூட மன்னிப்பேன். 'தகப்பனின் தொலைபேசி' என்ற கட்டத்துக்கு நீ போட்ட டிபோல்ட் என்னுடைய இலக்கம்! பரிசோதிக்கப் போட்டதாம், எடுக்க மறந்தாயாம். ரீச்சர் அந்தக் கட்டத்தைத் தாண்டிப்போன பெண்களுக்கெல்லாம் நான் தகப்பனானேன். குளிக்கும்போது, கோயில் வீதியில், பல் பிடுங்கும் கதிரையில் வாயைத் திறந்தபடி கிடக்கும்போது, எங்கும் அழைப்பு வரும். "உங்கடை பெட்டையின்ரை நட்சத்திரம் என்ன?" உன்னிடம் முறையிட்டால், "கன்னிகாதானப் புண்ணியம் மச்சான், சும்மா கிடைக்குது" என்பாய். நானே எடுத்திருக்கலாம் என்று என் மனைவி சொல்வாள். பிழை விட்டவன் இருக்க நான் ஏன் திருத்த வேண்டும்?

அதோடு உன்னுடன் கதைப்பதை நிறுத்தினேன். நீயும் நிறுத்தினாய். நாலு மாதம் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்து ஈமெயில் அனுப்பிக்கொண்டோம். உன் கடைசி ஈமெயில் 'சரி' என்ற ஒரு சொல். எதற்குச் சரி? இன்றுவரை எனக்குத் தெரியாது. அடுத்த கிழமை நெஞ்சுவலி வந்து நீ போய்விட்டாய்.

இனி நிலாவின் விசயத்துக்கு வருகிறேன். ராணி அவளைக் கூட்டிக்கொண்டு உடுவிலுக்குப் போயிருக்கிறாள். ரீச்சர் ஒற்றை விரலால் தட்டித் தட்டி நிரப்பிக்கொண்டு வந்து, தகப்பன் என்ற கட்டத்தில் நின்றாராம். ராணி தலையைக் குனிந்தாளாம். ரீச்சருக்குத் தெரியும், ஆனால் அதைத் தட்ட மனம் வரவில்லை. அந்தக் கட்டத்தையும் பக்கத்தில் இருந்த தொலைபேசிக் கட்டத்தையும் தொடாமல் தாண்டிவிட்டார். விபரக் கடுதாசி அச்சாகி, பிற்பாடு கரவெட்டிக்குப் போயிற்று. 'தகப்பன்: இருக்கிறார்.' கீழே என் இலக்கம்.

ஒருநாள் காலை பெடியனின் தகப்பன் எடுத்தார். ஓய்வுபெற்ற தபாலதிபர். குரலே முத்திரை குத்துவது மாதிரி இருந்தது.

"குகதாசனோ?"

"இல்லை."

"குகதாசன்ரை நம்பர்தானே?"

"ஓம். ஆனா இல்லை."

"என்ன ஓம், ஆனா இல்லை? அவரிட்டைக் குடும்."

"அவர் மோசம் போயிட்டார் ஐயா. பத்து மாசம்."

அந்தப் பக்கம் கடுதாசி சரசரத்தது. "இது போன மாசம் அடிச்சது. இருக்கிறார் எண்டு கிடக்கு."

"அது டிபோல்ட், ஐயா."

"டிபோல்டோ? அவர் ஆர், பெட்டையின்ரை பெரியப்பாவோ?"

நான் விளக்கத் தொடங்க, அவர் வைத்துவிட்டார். பின்னேரம் ரீச்சருக்கு ஆள் விட்டுச் சொல்லியனுப்பினார்: தகப்பன் செத்ததையே மறைக்கிற ஆக்கள் வேறை என்னத்தை மறைப்பினம்? சம்பந்தம் வேண்டாம்.

அன்றைக்கே நிலா என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"மாமா, உங்கடை சொஃப்ட்வெயர் என்ரை கலியாணத்தைக் குழப்பிப்போட்டுது."

"என்ரை இல்லை பிள்ளை, கொப்பற்றை. நான் அப்பவே சொன்னனான், உந்த டிபோல்ட்..."

"அப்பா இல்லை மாமா. நீங்கள்தான் இருக்கிறியள். போய்ச் சொல்லுங்கோ."

அவளுக்கு அந்தப் பெடியனை எவ்வளவு பிடித்திருந்தது என்று அவள் வாயால் சொல்லவில்லை. சைக்கிளைத் திருப்பும்போது என் வேலி முழுவதையும் உரசிக்கொண்டு போனாள். உன் மகள்தான்.

கரவெட்டிக்குப் பஸ்சில் போனேன். உன் கோட்டை நாலு பக்கத்தில் அச்சடித்துக் கொண்டுபோனேன். உன் பிழையை உன் எழுத்திலேயே காட்டி, உன்னை நன்றாகக் கிழிப்பதுதான் என் எண்ணம். மறைக்கவில்லை.

தபாலதிபர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வந்து சேர்ந்த கடிதத்தைப் பார்ப்பதுபோல முன்னும் பின்னும் பார்த்தார்.

"உது என்ன பாசை?"

"கம்பியூட்டர் பாசை ஐயா. உங்கடை கந்தோருக்கு விலாசம் இல்லாமல் ஒரு கடிதம் வந்தால் என்ன செய்வியள்?"

"அனுப்பின ஆளுக்குத் திருப்புவம்."

"உதை எழுதினவன் திருப்பமாட்டான். தானே ஒரு விலாசத்தை எழுதி அனுப்பிப்போடுவான்."

"என்ன, விசரனோ?"

"ஓம் ஐயா. முழு விசரன்."

எனக்கு மனம் நிறைந்துபோயிற்று. ஒரு அரச உத்தியோகத்தர் வாயால் அதைக் கேட்க எத்தனை வருடம் காத்திருந்தேன்! ஆனால் அவர் விரல் ஒரு இடத்தில் நின்றது. "இஞ்சை தமிழிலை கிடக்கு" என்று உரத்து வாசித்தார்: "'தெரியாத ஆக்கள் இதைத் தொடத் தேவையில்லை. ரீச்சர், கேக்காதேங்கோ.' இது என்னத்துக்கு?"

தகப்பன் கட்டத்துக்கு மேலே நீ எழுதி வைத்த குறிப்பு. நான் அதை அதுவரை வாசித்ததில்லை. உன் குறிப்புகளை வாசிப்பதில்லை என்று ஒரு விரதம் வைத்திருந்தேன்.

யுத்த காலத்தில் ஒருநாள் கொழும்புத்துறைக்கு மீன் வாங்கச் சைக்கிளில் போன உன் தகப்பனார் திரும்பி வரவில்லை. அடுத்த வருடம் ஏதோ ஒரு கந்தோரில் நாங்கள் இருவரும் படிவம் கொடுக்க நின்றோம். தகப்பன் கட்டத்தை நீ வெறுமையாக விட்டிருந்தாய். கவுண்டருக்குள் இருந்தவர் படிவத்தைத் திருப்பித் தள்ளினார். "வெறுமையா விட ஏலாது தம்பி. இருக்கிறாரோ, செத்திட்டாரோ? ஒண்டைச் சொல்லும்." பின்னால் பெரிய வரிசை. நீ 'இருக்கிறார்' என்றாய், வரிசையில் கடைசி ஆளுக்கும் கேட்கும்படி. உனக்குப் பக்கத்தில் நின்றவன் நான்.

வெறுமையாக விடு, ரீச்சர் எல்லாரையும் கேட்கட்டும் என்று ஆறு வருடம் உன்னோடு வாதாடினேனே. ஒருநாளாவது அந்தக் கவுண்டரை எனக்கு ஞாபகப்படுத்தியிருக்கக் கூடாதா? நானாக நினைப்பேன் என்று இருந்தாயா?

தபாலதிபருக்கு இதைச் சொன்னேன். உன்னைக் கிழிக்க வந்தவன் உனக்காகக் கதைத்துக்கொண்டிருந்தேன். அவர் மனைவி குசினி வாசலில் நின்று, "தேத்தண்ணி ஆறுது" என்றார். எவரும் எடுக்கவில்லை.

"அந்த மனிசன் பிறகு வந்தவரோ?"

"இல்லை ஐயா."

அவர் எழுந்து போய் நிலாவின் கடுதாசியை எடுத்துவந்து மேசையில் விரித்தார். சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்து என் பக்கம் நீட்டினார். "கந்தோரிலை ஒண்டைத் திருத்தினால் அழிக்கக் கூடாது. அழிச்சால்தான் களவு. பிழையை ஒரு கோட்டாலை வெட்டி, பக்கத்திலை சரியானதை எழுதி, எழுதின ஆள் கையெழுத்து வைக்கவேணும். வையும்."

'இருக்கிறார்' என்பதை வெட்டினேன். பக்கத்தில் 'காலமானார்' என்று எழுதினேன். உன்னைப் பற்றி அந்தச் சொல்லை அதற்கு முன் நான் எங்கும் எழுதியதில்லை. உன் மரண அறிவித்தலைக்கூட விரித்துப் பார்க்காமல் மடித்து வைத்திருந்தவன். எழுத்துக் கோணிவிட்டது.

"உது என்ன எழுத்து, டொக்டர்மாரின்ரை மருந்துத் துண்டு மாதிரி" என்றார் தபாலதிபர். "கையெழுத்துக்குக் கீழை முறையைப் போடும். நீர் பெட்டைக்கு என்ன முறை?"

"மாமன்."

"அப்ப மாமனோடைதானே நான் கதைக்கவேணும். இதை முதலே சொல்லியிருந்தால் உந்த நாலு பக்கத்தையும் வாசிச்சிருக்கமாட்டன். இரும், சாப்பிட்டிட்டுப் போகலாம்."

சாப்பிட்டேன். கத்தரிக்காய்க் குழம்பு. உப்புக் கொஞ்சம் கூடிப்போயிற்று. சம்பந்தி வீடு என்பதால் சொல்லவில்லை.

சொஃப்ட்வெயரையும் திருத்திவிட்டேன். தகப்பன் கட்டம் இப்போது வெறுமையாகப் பிறக்கிறது, என் விருப்பப்படி. ஆனால் ஆள் பிறக்கும்போதே, உன் கோட் இருந்த அதே இடத்தில். தொடாமல் விட்டால் கடுதாசியில் அந்த வரியே அச்சாகாது. ரீச்சர் எவரையும் கேட்கத் தேவையில்லை. உன் குறிப்பை அழிக்கவில்லை. இதை உன் வெற்றி என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதே.

ஆவணியில் நிலாவுக்கு எழுத்து, கலியாணப் பதிவு. அங்கே பதிவாளர் தகப்பனைப் பற்றிக் கேட்பார். அவருடைய படிவத்தை நான் எழுதவில்லை, அதனால் கேட்டே தீருவார். அவள் வாய் திறக்க முன்னம் நான் சொல்லுவேன்: "தகப்பன் மோசம் போயிட்டார். மாமன் நிக்கிறன். என்ன கேக்கவேணுமோ என்னைக் கேளும்." அதற்குப் பிறகும் அவள் கண் கலங்கினால், பதிவாளரோடு அந்த இடத்திலேயே ஏதாவது ஒரு சண்டையைத் தொடங்கி அவளைச் சிரிக்க வைக்கிறேன். அது எனக்கு வரும். உனக்கு இது நான் தரும் வாக்கு.

உன்னோடு இன்னும் கோபமாக இருக்கிற மச்சான்,
நிலாவின் மாமன்,
கதிர்காமநாதன்