சண்டைக்கு அடுத்த எபிசோடு

சென்ற வாரம் அஸ்தம்பட்டியில் பல் டாக்டரிடம் காத்திருந்தபோது, பக்கத்து நாற்காலிகளில் இரண்டு கல்லூரிப் பெண்கள் நம் தொடரைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தார்கள். பனிமலைக் கணவாயைக் காக்கும் வாள்வீரர்களின் கதை. அந்த ஜப்பானிய அனிமே. கடைசி சீசன் வந்துவிட்டதாம். இருப்பதிலேயே எந்த சீசன் சிறந்தது என்பது அவர்கள் வழக்கு. "மூணாவதுதான்டி. ஒவ்வொரு ஃபைட்டும் தியேட்டர்ல பாக்கற மாதிரி இருக்கும்" என்றாள் ஒருத்தி. மற்றவள் முதல் சீசனுக்காக நின்றாள். இரண்டாவதைப் பற்றி இருவருமே பேசவில்லை. நீ இருந்திருந்தால் நாற்காலியை இழுத்துப் போட்டு நடுவில் உட்கார்ந்திருப்பாய்.  என் பெயரைக் கூப்பிட்டார்கள், உள்ளே போனேன். வாயைத் திறந்தபடி படுத்திருந்தபோது, உனக்கு இதை எழுதலாம் என்று தோன்றியது.

திருச்செங்கோட்டு ஹாஸ்டலில் நமக்கு ஒரே அறை. உன் லேப்டாப்பில்தான் பார்ப்போம். உனக்குச் சண்டைகள் பிடிக்கும். பிடிக்காததுபோல் இப்போது எழுதினால் அது வேறு யாரோ ஆகிவிடும். வாளை உருவும் முன் இருவரும் அசையாமல் நிற்பார்களே, அந்த இடத்தில் மூச்சுவிடக்கூட மாட்டாய். எதிராளிக்கும் சண்டை போட ஒரு நியாயம் இருக்க வேண்டும் என்பாய். வெறும் கெட்டவன் என்றால் உனக்குக் கொட்டாவி வந்துவிடும்.

இரண்டாவது சீசனில் கணவாய்ச் சண்டை வந்தது. நாயகன் விழுந்ததும், அவனோடு காவல் நிற்கும் மீசைக்காரர் வாளுக்குக் குறுக்கே கையை நீட்டினார். வலது கை போய்விட்டது. நாம் இருவரும் கட்டிலில் எழுந்து நின்றுவிட்டோம். அடுத்த எபிசோடில் வாளே இல்லை. மீசைக்காரர் இடது கையாலும் பல்லாலும் இடுப்புத் துணியை முடிச்சுப் போடப் பழகுகிறார், அவிழ்ந்துவிடுகிறது, மறுபடியும் போடுகிறார். நாயகன் கதவுக்கு வெளியே நிற்கிறான், உள்ளே போகத் தைரியம் இல்லாமல். முழு எபிசோடும் அவ்வளவுதான். எனக்கு இழுவையாக இருந்தது. சொன்னேன்.

"ஏம்புள்ள, இது இல்லாட்டி நேத்துப் பாத்தது வெறும் பட்டாசு" என்றாய். "சண்டைய யார் வேணா நல்லா எடுப்பாங்க. அடுத்த எபிசோடப் பாரு. அதுல தெரிஞ்சுபோயிரும் சீசன் தேறுமா தேறாதான்னு."

மூன்றாவது சீசன் வருவதற்குள் நாம் வேலைக்குப் போய்விட்டோம். நான் சேலத்தில், நீ ஓமலூரில் அம்மா வீட்டிலிருந்தபடி. தயாரிப்பு நிறுவனம் மாறியிருந்தது. பனியும் ரத்தமும் அத்தனை அழகு. முதல் எபிசோடிலேயே ஏதோ ஒரு மந்திரச் சுனையில் முங்கி எழுந்த மீசைக்காரருக்குக் கை முளைத்துவிட்டது. உடனே போன் செய்தாய். "கையத் திருப்பிக் குடுத்துட்டாங்க புள்ள. அப்ப அன்னிக்கு எதுக்கு நாம அழுதோம்?" மேற்கொண்டு நீ பார்க்கவில்லை. நான் முழுதும் பார்த்தேன். அந்த சீசன் அவ்வளவு மோசமில்லை என்று இப்போதும் சொல்வேன்.

அதற்கு அடுத்த ஆண்டு உன் சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டன. டயாலிசிஸ் தொடங்கியது. உன் தம்பி செந்தில், லாரி ஓட்டுகிறவன், தன்னுடையதில் ஒன்றைத் தருவதாகச் சொன்னான். நீ மாட்டேன் என்றாய். உன்னைச் சம்மதிக்க வைக்கச் சொல்லி உன் அம்மா என்னைக் கூப்பிட்டார்கள். ஓமலூருக்கு வந்து உன் கட்டிலருகே உட்கார்ந்தேன், வேறு வழி தெரியாமல் மீசைக்காரரை இழுத்தேன். கை கொடுத்ததற்காக அவர் ஒருநாளும் வருந்தவில்லையே என்றேன்.

"அவன் எழுதி வச்சதப் பேசறவன்" என்றாய். "எந்தம்பி நாக்பூருக்கு லோடு ஏத்திக்கிட்டுப் போவோணும். இங்க சுனை எதுவும் இல்ல."

அப்போதுதான் செந்தில் உள்ளே வந்தான். உட்காரக்கூட இல்லை. "அக்கா, கேக்கறதுக்கு வரல. டெஸ்ட் எடுத்தாச்சு, சேருதாம். சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

"உன்ற பொண்டாட்டி என்ன சொல்றா?"

"அழுதா. அப்பறம் ஆஸ்பத்திரிக்கு எந்தப் பையி எடுக்கோணும்னு கேட்டா."

"நாளைக்கு உனக்கு ஒண்ணுன்னா?"

"ஒண்ணு வந்தா அப்பப் பாத்துக்கலாம். இப்ப வந்திருக்கறது உனக்கு."

நீ முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாய். மறுக்கவில்லை.

கோவையில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீடு திரும்பிய உன்னை, கிருமி தொற்றும் என்று, யாரும் நெருங்கக் கூடாது என்றார்கள். ஆனாலும் ஊரே வந்து ஜன்னலுக்கு வெளியே நின்று கும்பிட்டுப் போனது. ஒருநாள் போனில் சொன்னாய்: "எல்லாரும் என்னையத்தான் பாக்க வராங்க. அவன் வீட்ட ஒருத்தரும் எட்டிப் பாக்கல. நான் வெளிய போவக் கூடாது. நீ போ."

"போய் என்ன பேசறது?"

"ஒண்ணும் பேச வேண்டாம். உக்காந்துட்டு வா."

போனேன். செந்தில் கீழே சம்மணமிட்டு உட்கார முடியாமல், ஸ்டூலில் தட்டை வைத்து நின்றுகொண்டே சாப்பிட்டான். தும்மல் வந்தால் தலையணையை வயிற்றில் அழுத்திப் பிடித்துக்கொண்டான். நான் லாரி, மழை, டீசல் என்று எதையோ பேசினேன். அவன் மனைவி டீ கொடுத்தாள். கிளம்பும்போது, "அடுத்த வாரமும் வாங்கக்கா" என்றான். அடுத்த வாரமும் போனேன். அவன் மறுபடி ஸ்டியரிங் பிடிக்கும்வரை போனேன். ஒவ்வொரு முறையும் உனக்கு விவரம் வேண்டும்: குனிந்தானா, சிரித்தானா, எத்தனை தோசை தின்றான்.

பிறகு சில ஆண்டுகள் உனக்கு நன்றாகவே போயின. வேலைக்குப் போனாய். தண்ணீரை அளக்காமல் குடித்தாய். ஏற்காட்டுக்குப் போகும் வழியில் ஒவ்வொரு வளைவிலும் பாட்டிலைத் திறந்து என்னை எரிச்சல்படுத்தினாய். ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது, நோய்த்தொற்று என்றார்கள். மருந்துகளால் எதிர்ப்பு சக்தி குறைந்திருந்த உடம்பு தாங்கவில்லை.

உன் வீட்டு வாசலில், உறவுக்காரர் ஒருவர் செந்திலின் தோளைத் தொட்டு, "குடுத்தும் வீணாப் போச்சே சாமி" என்றார். செந்தில் அவர் பக்கம் திரும்பினான். "எது வீணுங்க? அக்கா இருந்துச்சுங்க" என்றான்.

கடைசி சீசனில் நாலைந்து எபிசோடு பார்த்தேன். சண்டைகள் அருமை. மீசைக்காரரின் கை அப்படியேதான் இருக்கிறது. உனக்குப் பிடிக்காது.

எனக்கு ஒரு பழக்கம் மட்டும் தங்கிவிட்டது. சாவு வீட்டுக்கு எல்லாரோடும் போய் வருவேன்; அது கணக்கில்லை. கூட்டம் ஓய்ந்தபிறகு தனியாக இன்னொரு முறை போகிறேன். என்னோடு வேலை செய்யும் பெண்ணின் கணவர் தையில் இறந்தார். மாசி முடியும்போது, ஒரு ஞாயிறு சாயங்காலம், பனமரத்துப்பட்டியில் அவள் வீட்டுக் கதவைத் தட்டினேன். திறந்தவள் என்னைப் பார்த்து, ஏதாவது சேதியா என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்லைங்க, சும்மாதான்" என்றேன்.

"எல்லாரும் வந்துட்டுப் போயிட்டாங்க" என்றாள். பிறகு நாற்காலியில் மடிக்காமல் கிடந்த துணிகளை அள்ளி எடுத்துவிட்டு, "உக்காருங்க" என்றாள்.