குணபூசணி டீச்சர் பேசாமலிருந்த நேரம்

2 ஆகஸ்ட் 1982
பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் பயிற்சி தொடங்கியது. அடுத்த வருஷம் புதிய பாடத்திட்டம் வருகிறது. அதற்குள் மற்ற ஆசிரியர்களுக்குப் பட்டறை நடத்த எங்கள் பன்னிரண்டு பேரைத் தயார் செய்கிறார்கள். கிள்ளானில் பதினெட்டு வருஷமாக வாத்தியார் வேலை பார்க்கிறவன் நான். எனக்கு இனிமேல் என்ன சொல்லித்தரப் போகிறார்கள்?

3 ஆகஸ்ட்
ஒருவர் பத்து நிமிடம் பாடம் எடுக்கிறார், மற்றவர்கள் மாணவர்கள். முடிந்ததும் அந்தப் பாடத்தைப் பற்றிய பேச்சை இன்னொருவர் வழிநடத்த வேண்டும். இன்று அது என் முறை. பின்னம் எடுத்த பாலன் தடுமாறினார். நான் எழுந்துபோய் அவர் கையிலிருந்த சாக்பீஸை வாங்கி, நானே நடத்திக் காட்டினேன். கைதட்டக்கூடச் செய்தார்கள்.

பயிற்சியாளர் வேலாயுதம் கேட்டார்: "நல்லா நடத்துனீங்க சார். பாலன் என்ன கத்துக்கிட்டாரு?"

பாலன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

4 ஆகஸ்ட்
நான் செஞ்சதுல என்ன தப்பு? தெரியாம நிக்கிறவர அப்படியே விட்டுடணுமா?

5 ஆகஸ்ட்
குணபூசணி டீச்சரைப் பற்றி எழுதியே ஆக வேண்டும். ஜெஞ்சாரோம் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் வேலை. இரண்டு பஸ் மாறி வருகிறார். மூன்று நாளாக அதிகம் பேசவில்லை. கூச்சம் என்று நினைத்திருந்தேன்.

இன்று லெட்சுமி டீச்சர் நிழல் பாடம் எடுத்தார். பாதியில் எல்லாம் மறந்துபோயிற்று. "எனக்கு இதெல்லாம் வராது லா, நான் போறேன்," என்று பையை எடுத்துவிட்டார். கண்ணில் நீர். எனக்கு நாக்கு துடித்தது.

வழிநடத்த வேண்டிய குணபூசணி டீச்சர் பதறவில்லை. "எதுவரைக்கும் நல்லாப் போச்சு அக்கா?" என்று மட்டும் கேட்டார். பிறகு பேசவே இல்லை. ஒரு நிமிடம் — என் வாழ்க்கையிலேயே நீளமான நிமிடம்.

லெட்சுமி டீச்சர் நின்றபடியே சொன்னார்: "டார்ச் அடிச்சுக் காட்டுனேன்ல, அதுவரைக்கும். அப்புறம் நானே பேசிக்கிட்டுப் போயிட்டேன். டார்ச்ச உங்க கையில குடுத்திருக்கணும்."

யாரும் சொல்லித்தரவில்லை. அவரே கண்டுபிடித்தார்! மத்தியானம் அதே பாடத்தை மறுபடி எடுத்தார். மற்ற பதினொரு பேரும் சிறுபிள்ளைகளாகிச் சுவரில் நிழல் பிடித்து விளையாடினோம்.

தேநீர் நேரத்தில் கேட்டேன்: "எப்படி டீச்சர் உங்களால சும்மா இருக்க முடியுது?"

"சும்மாவா? உள்ளுக்குள்ள நாலு பதில் ஓடிச்சு சார். பல்லக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்."

6 ஆகஸ்ட்
பாலனிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க சார்," என்றார். ஆனால் முகம் தெளிந்தது.

22 நவம்பர்
கிள்ளானில் எங்கள் முதல் பட்டறை. குணபூசணி டீச்சரும் நானும் சேர்ந்து நடத்துகிறோம். வந்தவர்களில் நாகையா சாரும் ஒருவர். ஓய்வுபெற இரண்டு வருஷம் இருக்கிறது. "இந்த வயசுல எனக்கே பாடமா?" என்று காலையிலேயே ஆரம்பித்துவிட்டார். அவருடைய பத்து நிமிடத்தில் எங்களில் ஒருவரையும் வாய் திறக்க விடவில்லை.

வழிநடத்துவது என் முறை. "சார், எங்கள்ல யாருக்குப் புரியலன்னு நெனைக்கிறீங்க?" என்று கேட்டேன்.

அவர் முறைத்தார். நான் காத்திருந்தேன். குணபூசணி டீச்சரும் காத்திருந்தார். என்னென்னவோ சொல்ல வந்தது, சொல்லவில்லை.

நாகையா சார் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு, "தெரியலையே. நான் யாரையும் கேக்கலையே," என்றார். பிறகு, மெதுவாக: "நாளைக்கு இன்னொரு தடவ எடுக்கட்டுமா?"

நாளைய பட்டியலில் முதல் பெயர் அவருடையது.